புல்லுக்கட்டு முதல் கறிச்சட்டி வரை: ஆட்டுக் கொழுப்பை ஆக்கும் நுண்ணுயிர்கள்

இலங்கையின் ஊவா மலைகளில் அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே இருக்கிறது. பொழுது சாய்ந்து பனிமூட்டம் மலையேறும் நேரத்தில், தட்டில் போட்ட ஆட்டுக்கறி கொஞ்சம் ஆறினாலே போதும். குழம்பின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு கட்டிவிடும். விரலால் தொட்டால் மெழுகுபோல ஒட்டும். உண்ட பிறகு அண்ணத்திலும் உதட்டிலும் ஒரு பூச்சுப் படிந்திருக்கும். சுடச்சுடத் தேநீர் குடித்தால்தான் அது கரையும். அதே அடுப்பில் வெந்த கோழிக்கறியின் எண்ணெய் இந்த அளவுக்கு இறுகுவதில்லை, குழைந்தே கிடக்கிறது. ஆடு இயல்பிலேயே கொழுப்பு மிருகம் என்று சொல்லி இதை விட்டுவிடுவது வழக்கம். ஆனால் ஆடு தின்றது என்ன? பச்சைப் புல். பச்சைப் புல்லிலுள்ள கொழுப்பமிலங்களில் பாதிக்கு மேற்பட்டது லினோலெனிக் அமிலம். அது சுழிக்கும் கீழே ஏறக்குறைய 11 பாகை செல்சியஸ் வரை உறையாமல் நிற்கும் எண்ணெய். ஆட்டுக் கொழுப்பில் மிகுந்திருக்கும் ஸ்டியரிக் அமிலமோ 69 பாகை தாண்டினால்தான் உருகும். பனியிலும் உறையாத எண்ணெயைத் தின்ற பிராணியின் உடம்பில் கொஞ்சம் ஆறினாலே இறுகிவிடும் கொழுப்பு எப்படிச் சேர்ந்தது? தேங்காய் எண்ணெயும்தான் அப்புத்தளைக் குளிரில் போத்தலுக்குள் உறைகிறது. ஆனால் அந்த உறையும் கொழுப்பைத் தென்னையே ஆக்கி வைத்திருக்கிறது. புல்லில் அப்படியொன்று இல்லை. புல்லுக்கும் ஆட்டுக்கும் நடுவில் வேறு யாரோ வேலை செய்திருக்கிறார்கள்.

அந்த வேலையைச் செய்பவை ஆட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள். இக்கட்டுரையின் வாதம் சுருக்கமானது. ஆட்டிறைச்சியின் கொழுப்பு எப்படிப்பட்டதாக அமையும் என்பதை இந்த நுண்ணுயிர்களே பெருமளவு தீர்மானிக்கின்றன. அவற்றின் போக்கை அன்றாடத் தீவனம் தீர்மானிக்கிறது. ஆகவே ஊவாத் தோட்டப்புறங்களில் ஆடு வளர்ப்பை மேம்படுத்த நினைப்பவர்கள் உயர்சாதிக் கிடாயைத் தேடுவதற்கு முன்னால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சேரும் புல்லுக்கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இது குறித்த அறிவியல் பெரும்பாலும் செம்மறியாட்டை வைத்து வளர்ந்தது. ஊவா மலைகளில் வளர்வது பெரும்பாலும் வெள்ளாடு. இலங்கையில் செம்மறியை வடக்கில்தான் மிகுதியாகக் காணலாம். நம் மலைக்கு நெருங்கிய மலைச் செம்மறி வேண்டுமென்றால் நீலகிரிக்குப் போக வேண்டும். அங்கே சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செம்மறி, வெள்ளாடு, மாடு மூன்றும் அசைபோடும் பிராணிகள். வயிற்றின் அமைப்பிலும் அதற்குள் நடக்கும் அடிப்படை வேதியியலிலும் அவை ஒரே குடும்பம். ஒன்றில் கண்டதை மற்றதற்கு நீட்டிப் பார்க்க இடமுண்டு. எங்கே நீட்டக்கூடாது என்பதையும் பின்னால் பார்ப்போம்.

அசைபோடும் பிராணியின் வயிற்றில் நான்கு அறைகள். முதலாவதும் பெரியதுமான அறைக்கு ரூமன் என்று பெயர். வளர்ந்த ஆட்டில் அது பத்து லீற்றருக்கு மேல் கொள்ளும். ஆடு அறுக்கும் இடத்தில் அந்தப் பையைக் கீறும்போது பாதி நொதித்த பச்சைக் கூழ் ஆவி பறக்க வெளியே வருமே, அதுதான் நாம் பேசும் உலகம். அதன் வெப்பம் ஏறக்குறைய 39 பாகை. உள்ளே ஒட்சிசன் இல்லை என்றே சொல்லலாம். அந்தக் கூழின் ஒரு மில்லிலீற்றரில் ஆயிரம் கோடிக்கும் குறையாத பக்டீரியாக்களும், அவற்றைவிடப் பன்மடங்கு பெரிய ஒருகல உயிரிகள் இலட்சக்கணக்கிலும், பூஞ்சைகளும் ஆர்க்கியாக்களும் வாழ்கின்றன. ஆட்டினால் புல்லின் நாரைச் செரிக்க முடியாது. அதற்கான நொதியம் அதன் உடம்பில் இல்லை. நாரை உடைப்பவை இந்த உயிர்களே. உடைத்து அவை கழிக்கும் அசற்றிக், புரொப்பியோனிக், பியூற்றிரிக் அமிலங்களை ரூமனின் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது; ஆட்டுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு அவற்றிலிருந்தே கிடைக்கிறது. நாம் ஆட்டுக்குத் தீனி போடுகிறோம் என்று சொன்னாலும், உண்மையில் இந்த நுண்ணுயிர்களுக்குத்தான் தீனி போடுகிறோம். அவை தின்று விட்டதையும், இறுதியில் அவற்றையும் செரித்தே ஆடு வாழ்கிறது.

கொழுப்பின் கதையும் அங்கேதான் நடக்கிறது. ஒரு கிலோ உலர்புல்லில் 10 முதல் 30 கிராம் வரை கொழுப்பமிலங்கள் இருக்கும். அசைபோட்ட புல் ரூமனுக்குள் இறங்கியதும் பக்டீரியாக்களின் நொதியங்கள் அக்கொழுப்பை உடைத்துக் கொழுப்பமிலங்களைத் தனித்தனியே பிரித்துவிடுகின்றன. இப்படி விடுபட்ட நிரம்பாத கொழுப்பமிலங்கள் பல பக்டீரியாக்களுக்கு நஞ்சு. அவற்றின் மென்சவ்வைக் குலைத்துவிடும். தப்பிக்க வேண்டி, பக்டீரியாக்கள் அந்த அமிலங்களின் இரட்டைப் பிணைப்புகளில் ஐதரசனை ஏற்றி அவற்றை நிரம்பியவையாக்கி அடக்கிவிடுகின்றன. இந்த வேதியியல் நமக்குப் புதியதல்ல. 1902இல் ஜேர்மனியின் வில்ஹெல்ம் நோர்மன் நிக்கல் உலோகத்தின் துணையோடு எண்ணெயில் ஐதரசனை ஏற்றி அதைக் கட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வனஸ்பதியும் பழைய மாஜரீனும் அந்த வழியில் வந்தவை. நோர்மனுக்கு உலைவெப்பமும் அழுத்தமும் தேவைப்பட்டன. ஆட்டின் வயிற்றில் அதே வேலை உடம்புச் சூட்டிலேயே முடிந்துவிடுகிறது. புல்லோடு உள்ளே போகும் லினோலெனிக் அமிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு இப்படி மாற்றப்படுகிறது. லினோலிக் அமிலத்தில் பெரும்பகுதியும் அப்படியே. தட்டின் ஓரத்தில் கட்டும் வெள்ளைக் கொழுப்புக்கு மூலகாரணம், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தம்மைக் காத்துக்கொள்ளச் செய்த வேலை.

இது ஊகம் என்று ஒதுக்க முடியாதபடி சான்றுகள் மூன்று திசையிலிருந்து வந்து கூடுகின்றன. முதலாவது குடுவைச் சோதனை. 1951இல் அமெரிக்காவின் ரெய்சர், செம்மறியின் ரூமன் கூழோடு ஆளிவிதை எண்ணெயைச் சேர்த்து வைத்தபோது அந்த எண்ணெயின் லினோலெனிக் அமிலம் குறைந்து போனதைக் காட்டினார். ஆட்டின் உடம்பு அங்கே இல்லை. கூழ் மட்டுமே இருந்தது. இரண்டாவது, ஒரே புல்லைத் தின்னும் வெவ்வேறு வயிறுகளை ஒப்பிடுவது. நியூசிலாந்தில் ஷோர்லாண்டும் அவருடைய துணைவர்களும் 1950களில் இதை ஆராய்ந்தார்கள். குதிரையும் புல்தான் தின்கிறது. ஆனால் அதன் நுண்ணுயிர்க் கூடம் சிறுகுடலுக்குப் பின்னால் இருக்கிறது. கொழுப்பு நுண்ணுயிர்களைச் சந்திக்கும் முன்பே குதிரையின் உடம்பு அதை உறிஞ்சிவிடுகிறது. அதனால் குதிரைக் கொழுப்பில் புல்லின் லினோலெனிக் அமிலம் கணிசமாகத் தங்கியிருக்கிறது. அதே மேய்ச்சல் நிலத்துச் செம்மறியிலும் மாட்டிலும் அது சொற்பம். மூன்றாவது, ரூமனை ஏமாற்றிப் பார்ப்பது. 1970இல் அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் ஸ்கொட்டும் அவருடைய குழுவினரும் எண்ணெய்த் துளிகளைப் பாற்புரதத்தால் போர்த்தி, அந்தப் போர்வையை ஃபோர்மல்டிஹைட்டால் இறுக்கி விலங்குகளுக்குக் கொடுத்தார்கள். நுண்ணுயிர்களால் அந்தப் போர்வையைக் கிழிக்க முடியவில்லை. எண்ணெய் அப்படியே குடலுக்குப் போய்ச் சேர்ந்தது. பாற்கொழுப்பிலும் உடற்கொழுப்பிலும் லினோலிக் அமிலம் பல மடங்கு உயர்ந்தது. அதே இனம், அதே உடம்பு; நுண்ணுயிர்களின் கைபடாமல் போனது ஒன்றுதான் வித்தியாசம். கொழுப்பு மாறிவிட்டது.

இந்த மாற்றம் ஒரே தாவலில் நடந்து முடிவதில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். படிப்படியாக நடக்கிறது; ஒவ்வொரு படிக்கும் வேறு வேறு ஆட்கள். 1966இல் கெப்லர், ரோவ் ஆகியோர் பியூற்றிரிவிப்ரியோ ஃபைப்ரிசோல்வென்ஸ் என்ற பக்டீரியா லினோலிக் அமிலத்தை முதலில் ஓர் இடைநிலைப் பொருளாகவும், பின் வக்சினிக் அமிலமாகவும் மாற்றுவதை விளக்கினார்கள். அந்த இடைநிலைப் பொருளுக்குப் பின்னாளில் ருமெனிக் அமிலம் என்று பெயர் வந்தது. வக்சினிக் அமிலத்தை ஸ்டியரிக்காக முடித்து வைப்பது பெரும்பாலும் அதன் உறவுக்காரனான பியூற்றிரிவிப்ரியோ புரொற்றியோகிளாஸ்ரிகஸ். கடைசிப் படி மெதுவானது. அங்கே சிறிது தடை விழுந்தாலும் வக்சினிக் அமிலம் தேங்கி இரத்தத்தில் கலக்கிறது. அதன் பின் ஆட்டின் உடம்பு தன் பங்குக்கு வேலை செய்கிறது: கொழுப்புத் திசுவிலும் மடியிலுமுள்ள ஒரு நொதியம் ஸ்டியரிக்கின் ஒரு பகுதியை ஒலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலமாகவும், வக்சினிக்கை மறுபடி ருமெனிக் அமிலமாகவும் மாற்றுகிறது. தப்பிப் பிழைத்த சொற்ப லினோலெனிக் அமிலமோ கொழுப்புக் கட்டியில் அல்லாமல் தசைக் கலங்களின் மென்சவ்வில் போய் அமர்கிறது. ஆகவே கறித்துண்டின் கொழுப்பு ஒருவர் எழுதிய கணக்கல்ல. புல் முதலை இடுகிறது. நுண்ணுயிர்கள் அதை மாற்றுகின்றன. ஆட்டின் உடம்பு மிச்சத்தைத் திருத்துகிறது. இந்த மூன்றில் மனிதக் கைக்கு மிக எளிதாக எட்டுவது நடுவிலுள்ள படிதான்.

எட்டுவது எப்படி? தனின் வழியாக. தேயிலைத் தோட்டத்தில் வாழ்பவர்களுக்குத் தனினை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கடுஞ்சாயம் நாக்கைப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு அந்த வகைப் பொருள்களுடையதே. பலா இலை, கலியாந்திரா இலை, காட்டு மரத் தழைகள் பலவற்றிலும் தனின் உண்டு. புரதத்தோடு பிணையும் அதன் குணம் ரூமனில் சில பக்டீரியாக்களை ஒடுக்கி வேறு சிலவற்றுக்கு இடம் விடுகிறது. இத்தாலியின் வஸ்தாவும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் பதின்மூன்று செம்மறிக் குட்டிகளை எடுத்து, ஏழுக்கு பார்லித் தீவனமும் ஆறுக்கு அதனோடு கெப்ராச்சோ மரத் தனினும் கொடுத்தார்கள். தனின் தின்ற குட்டிகளின் ரூமனில் வக்சினிக் அமிலம் கூடியது. ஃபைப்ரிசோல்வென்ஸ் ஏறக்குறைய இருமடங்கானது. கடைசிப் படியை முடிக்கும் புரொற்றியோகிளாஸ்ரிகஸ் சுமார் 30 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. இந்தக் குறைவு புள்ளிவிபரப்படி உறுதியாக நிலைநாட்டப்பட்டது அல்ல. பதின்மூன்று குட்டிகள் சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் திசை தெளிவாக இருக்கிறது: கடைசிப் படியில் தடை விழுந்தது, இந்தக் குழுவினர் செய்த இறைச்சி ஆய்விலும் தனின் உண்ட குட்டிகளின் தசையில் ருமெனிக் அமிலம் கூடியிருந்தது. மலைப்பகுதியைப் பற்றி ஒரு சான்றும் உண்டு. சுவிற்சர்லாந்தின் சூரிச் உயர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லைபரும் அவருடைய துணைவர்களும் அல்ப்ஸ் மலையில் மேய்ந்த மாடுகளின் பாலில் லினோலெனிக் அமிலம் ஏன் கூடுகிறது என்று 2005இல் ஆராய்ந்தார்கள். மாடுகள் உண்ட அளவு கூடியதால் அது வந்ததாகக் கணக்கு ஒத்துவரவில்லை. மலைப் பூண்டுகளின் சேர்மங்கள் நுண்ணுயிர்களின் வேலையை மந்தமாக்கியிருக்கலாம் என்பது அவர்கள் வைத்த விளக்கங்களில் ஒன்று. மலையேறும் உழைப்பில் மாட்டின் உடற்கொழுப்புக் கரைந்தது இன்னொன்று. பூண்டு பலவாக வளரும் மலைக்கும் ஒரே புல் விரித்த சமவெளிக்கும் வயிற்றுக்குள்ளேயே வேறுபாடு பிறக்கிறது என்பதை அது நினைவூட்டுகிறது.

இப்போது தம்பேத்தன்னைத் தோட்டத்திலோ தொட்டலாகலைத் தோட்டத்திலோ மாலையில் லயத்துக்கு இறங்கும் ஒரு புல்லுக்கட்டைப் பிரித்துப் பார்ப்போம். தேயிலை மலையின் ஓரத்திலும் கான்களின் கரையிலும் அறுத்த களைப்புல் அடியில் கிடக்கும். பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுநடுகைக்கு முன் மண் தேற, ஒன்றரை இரண்டு ஆண்டுகள் குவாட்டமாலாப் புல்லோ மானாப் புல்லோ நடுவது தோட்டங்களின் வழக்கம். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கும் முறை அது. அந்த மலையிலிருந்து அறுத்த தடித்த குவாட்டமாலாத் தாள்கள் நடுவில் இருக்கும். மேலே கிளிரிசிடியாக் கொப்புகள்; வீட்டோரம் பலா நின்றால் ஒரு கை பலா இலை. வெள்ளாடு பலா இலையை எட்டிப் பறிக்கும் ஆவலைத் தோட்டத்தில் அறியாதவர் இல்லை. மழைக்காலத்தில் கட்டில் இளம்புல் மிகுந்திருக்கும். இளம்புல்லில்தான் லினோலெனிக் அமிலம் மிகுதி. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று மலைச்சரிவை வறட்டும்போது புல் காய்ந்து நாராகிறது, அதன் கொழுப்பும் குறைகிறது. கட்டில் மரத்தழைகள் ஏறுகின்றன. அந்தக் கச்சான்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் விலைகொடுக்கும் தனி வாசத்தைத் தருகிறது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். காற்றும் காலமும் கொழுந்தின் வேதியியலை மாற்றும் என்றால், அதே காற்றில் மாறும் புல்லுக்கட்டு ஆட்டின் வேதியியலையும் மாற்றும் என்பதை ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. தேயிலைக்குக் காலமும் மலையும் பார்த்து விலை வைக்கிறோம். ஆட்டுக்கு எடையை மட்டும் பார்க்கிறோம்.

தீவனக் கட்டை விட்டுத் தீவன மூட்டைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்த கதை. ஆட்டைச் சீக்கிரம் கொழுக்கவைக்கத் தானியமும் செறிவுத் தீவனமும் கூட்டினால் ரூமனின் அமிலத்தன்மை ஏறுகிறது. நாருடைப்பவை தளர, மாச்சத்தை உண்பவை பெருகுகின்றன. புரொப்பியோனிக் அமிலம் மிகுகிறது. ஸ்கொட்லாந்தின் ரோவெற் நிறுவனத்தில் காற்றனும் துணைவர்களும் 1970களில் பார்லி தின்ற செம்மறிக் குட்டிகளின் கொழுப்பு வழமைக்கு மாறாக மெதுமெதுப்பாக இருந்ததை ஆராய்ந்தார்கள். கல்லீரல் கையாள முடியாமல் மிஞ்சிய புரொப்பியோனேற்றுதான் கிளைவிட்ட கொழுப்பமிலங்களாகக் கொழுப்பில் சேர்ந்திருந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சில சிறிய அமிலங்களையே 1975இல் நியூசிலாந்தின் வொங்கும் துணைவர்களும் ஆட்டுக்கறியின் தனி வாடைக்குக் காரணமாக அடையாளம் காட்டினார்கள். கிடாய்க் கறியின் மொச்சை அடிப்பதாக மூக்கைச் சுளிப்பவர் முகர்வதிலும் ஒரு பங்கு வயிற்று நுண்ணுயிர்களின் வேலை. வேறு பக்கம், பசும்புல் தின்ற செம்மறியின் இறைச்சியில் ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் தானியம் தின்றதைவிடக் கூடியிருப்பதை பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தேங்காய்ப் புண்ணாக்கும் வெறும் புரதமல்ல. அதில் எஞ்சியிருக்கும் எண்ணெயின் லோரிக் அமிலம் ரூமனின் ஒருகல உயிரிகளை ஒடுக்கக்கூடியது. சந்தையில் வாங்கும் ஒவ்வொரு மூட்டையும் அந்தப் பத்து லீற்றர் உலகத்தில் ஒரு சாராரை வளர்க்கிறது, மற்றொரு சாராரை ஒடுக்குகிறது.

இதற்கு முதல் மறுப்பு இனத்தைப் பற்றியது. எல்லாம் வித்தில் இருக்கிறது. நல்ல கிடாய் வந்தால் நல்ல கறி வரும் என்பார்கள். இனம், வயது, பால், கொழுப்பின் அளவு எல்லாம் எண்ணத்தக்கவை. இளங்குட்டியின் கொழுப்பும் முதிர்ந்த கிடாயின் கொழுப்பும் ஒன்றல்ல. நுண்ணுயிர்களிலும் இனத்தின் கை உண்டு. வோலஸும் குழுவினரும் 2019இல் ஐரோப்பாவின் 1,016 கறவை மாடுகளை ஆராய்ந்தபோது ரூமன் நுண்ணுயிர்களில் ஒரு மையக் கூட்டம் பரம்பரையோடு தொடர்புடையதாக இருந்தது. அமெரிக்காவின் வைமர் 2010இல் மாடுகளுக்கிடையே ரூமன் கூழை ஏறத்தாழ முழுவதுமாக மாற்றி வைத்தபோது, சில வாரங்களுக்குள் ஒவ்வொன்றும் தன் பழைய நுண்ணுயிர்க் கூட்டத்தை நோக்கித் திரும்பியது. இந்தச் சான்றுகள் என் வாதத்தைத் தளர்த்துவதாகத் தோன்றலாம். ஊன்றிப் பார்த்தால் வலுப்படுத்துகின்றன. நல்ல நுண்ணுயிர்ப் பொடி என்று பையில் விற்பதை ஊட்டிவிட்டால் போதும் என்ற எண்ணத்தைத்தான் அவை உடைக்கின்றன. எப்போது புதிய நுண்ணுயிர் தங்கும் என்பதற்கு ஓர் அரிய சான்று உண்டு. இப்பிலிப்பில் என்று நாம் அழைக்கும் லூசீனாத் தழை அவுஸ்திரேலியக் கால்நடைகளை நோய்ப்படுத்தியது. ஹவாயின் ஆடுகளோ அதைத் தின்று நலமாக இருந்தன. அந்த ஆடுகளின் வயிற்றில் தழையின் நஞ்சைச் சிதைக்கும் பக்டீரியா இருப்பதாக உய்த்துணர்ந்த ரேமண்ட் ஜோன்ஸ் 1980களின் தொடக்கத்தில் அதை குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அது தங்கியது, பரவியது. 1992இல் அவர் பெயராலேயே அதற்கு சினர்ஜிஸ்ரெஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். வைமரின் மாடுகளில் தங்காதது ஜோன்ஸின் மாடுகளில் தங்கியதேன்? புதியவனுக்கென்றே ஒரு தீனி, அன்றாடம், அந்தத் தொட்டியில் காத்திருந்தது. தீனி இருந்தால் குடி நிலைக்கும். வித்தை மாற்றத் தலைமுறைகள் வேண்டும்; தீனியை நாளைக்கே மாற்றலாம்.

இரண்டாவது மறுப்பு நியாயமானது: இத்தாலியக் குட்டியையும் சுவிஸ் மாட்டையும் காட்டி அப்புத்தளை வெள்ளாட்டுக்கு முடிவு சொல்லலாமா? முழுமுடிவு சொல்லக்கூடாது. ஆனால் அடிப்படை ஒன்றே என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. 2015இல் வெளிவந்த உலக ரூமன் கணக்கெடுப்பு 35 நாடுகளின் 32 வகை விலங்குகளிலிருந்து 742 மாதிரிகளை ஒப்பிட்டது. எங்கும் ஒரே முக்கிய பக்டீரியாக் குடும்பங்கள் திரும்பத் திரும்பத் தென்பட்டன. பியூற்றிரிவிப்ரியோ அவற்றில் ஒன்று. கூட்டங்களிடையே காணப்பட்ட வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம் தீவனம். விலங்கின் இனம் அடுத்தது. நாட்டுக்கு நாடு மாறுவது ஆட்களின் விகிதமும் அவர்களுக்குக் கிடைக்கும் வேலையும். நமக்குத் தேவைப்படும் உள்ளூர் அளவீடு எது என்பதையும் இது காட்டுகிறது: எந்த இலை, எந்தப் பருவத்தில், எவ்வளவு.

மூன்றாவது மறுப்பு தனினைப் பற்றியது. ஆடு வளர்ப்பவர் எழுப்ப வேண்டிய கேள்வியும் அதுதான். தனின் மிகுந்தால் ஆட்டுக்குப் பசி குன்றும், புரதம் செரிக்காது, எடை ஏறாது. வஸ்தா கொடுத்த தீவனத்தில் தனின் சாறு உலர்நிறையில் ஒன்பதரை சதவீதத்துக்கு மேல்; அது பட்டியில் பின்பற்ற வேண்டிய அளவல்ல. நியூசிலாந்து ஆய்வுகளின் அனுபவம், உலர்தீவனத்தில் 2 முதல் 4 சதவீதம் வரையான தனின் புரதத்தை ரூமனின் சிதைவிலிருந்து காத்து ஆட்டுக்கு நன்மை செய்யலாம்; 5 சதவீதத்தைத் தாண்டினால் தீமை தொடங்கும் என்பது. எல்லாத் தனினும் ஒரே குணமுடையதும் அல்ல. கலியாந்திராவின் தனின் கடுமையானது. ஆகவே நான் வாதிடுவது தழையால் கட்டை நிரப்புவதற்கு அல்ல. பசும்புல் அடிப்படையாக, கிளிரிசிடியா புரதத்துக்காக, பலாவும் கலியாந்திராவும் அளவோடு என்ற கலவைக்கு. உப்பைப் போலத் தனினும். அளவே அதன் குணம். வெள்ளாடு செம்மறியைவிடத் தழைதின்னி, தனினைத் தாங்கும் சக்தியும் அதற்குக் கூடுதல். அந்த வகையில் ஊவாவின் ஆடு இந்தக் கலவைக்கு இன்னும் பொருத்தமான பிராணி.

நான்காவது மறுப்பு மனத்தைத் தொடுவது. கறிக்கு வழியில்லாதவர் கொழுப்பமிலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வுப்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் 17 சதவீதம்; தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 சதவீதம். லயத்தில் வளரும் ஆடு பெரும்பாலும் பிள்ளைகளின் தட்டுக்கு வருவதில்லை. தீபாவளிக்கோ தோட்டத் திருவிழாவுக்கோ விற்றுப் பள்ளிச் செலவையும் கடனையும் அடைக்க வளர்க்கிறார்கள். ஆட்டுக்கறியை மருந்தாகப் பரிந்துரைப்பதும் பொய்யாகும். ருமெனிக் அமிலத்தின் நன்மைகள் விலங்குச் சோதனைகளில் தெரிந்த அளவுக்கு மனிதரில் உறுதிப்படவில்லை. ஸ்டியரிக் அமிலத்தைப் பற்றிய அச்சத்துக்கும் எல்லை உண்டு; 1988இல் பொனனோமும் கிரண்டியும் காட்டியபடி, மற்ற நிரம்பிய கொழுப்புகளைப்போல அது இரத்தக் கொலஸ்திரோலை ஏற்றுவதில்லை. ஆயினும் மறுப்பின் பாதி அங்கேயே உடைந்துவிடுகிறது. லயத்தின் பின்புறம் மாட்டுப்பட்டியில் நிற்கும் பசுவும் அசைபோடும் பிராணிதான். அதன் பாற்கொழுப்பை ஆக்குவதும் ரூமன்தான். பால் சேகரிப்பவருக்கு ஊற்றிய பின் வீட்டில் எஞ்சும் ஒரு குவளை, சில பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அரிய விலங்குணவு. அந்தக் குவளையின் தரமும் இதே புல்லுக்கட்டில் நிர்ணயமாகிறது. இன்னொரு பாதி பணம். விலைகொடுத்து வாங்கும் மூட்டைத் தீவனம் கடனை வளர்க்கிறது. தோட்டத்து ஓரத்தில் நடக்கூடிய தழை கடனை வளர்க்காது. ஏழையின் ஆட்டைப் பற்றிய அறிவியல் ஏழைக்கு வேண்டாத ஆடம்பரம் என்று சொல்வது, அவர்களுடைய உழைப்புக்குக் கூர்மையான கவனம் தேவையில்லை என்று சொல்வதாகும். அதை ஏற்க முடியாது.

எனவே செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிப்பதல்ல. பதுளையில் 2005 முதல் இயங்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் விலங்கு விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. கன்னொறுவையில் மிருகவைத்திய ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. பேராதனையில் மிருகவைத்திய பீடம் இருக்கிறது. ஒரே இனத்து, ஒரே வயதுக் கிடாக்குட்டிகளை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். ஒன்றுக்கு மானாவும் குவாட்டமாலாவும் களைப்புல்லும் மட்டும்; இரண்டாவதற்கு அதோடு அளவான பலா, கலியாந்திராத் தழை; மூன்றாவதற்கு தவிடும் புண்ணாக்கும். மூன்று மாதம் வளர்த்து, எடையோடு கொழுப்பமிலங்களையும் ரூமன் நுண்ணுயிர்களையும் அளக்கலாம். கச்சான் மாதங்களிலும் மழை மாதங்களிலும் இருமுறை செய்தால் பருவத்தின் பங்கும் வெளிப்படும். கிடைக்கும் விடை ஒரு துண்டுப் பிரசுரத்தில் அடங்கும்: மறுநடுகை மலையின் புல்லை எந்த வயதில் அறுப்பது, எந்தத் தழையை ஒரு கட்டுக்கு எத்தனை கை சேர்ப்பது. தோட்ட நிர்வாகங்கள் கான்கரையிலும் தரிசு ஓரத்திலும் தீவன மரம் நட ஒத்துழைத்தால், அந்தப் பிரசுரம் வெறும் காகிதமாகக் கிடக்காது.

பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டுத் தலையில் புல்லுக்கட்டோடு இறங்கிவரும் பெண்ணை நாம் சுமை சுமப்பவராகவே பார்த்துப் பழகிவிட்டோம். இந்தக் கட்டுரை காட்டிய சங்கிலியில் அவருடைய இடம் வேறு. இன்றைக்கு எந்தக் கரையில் அறுப்பது, எந்தக் கொப்பை ஒடித்துச் சேர்ப்பது, எதை விடுவது என்று அவர் அரிவாளோடு நின்று எடுக்கும் முடிவு, அன்றிரவே பத்து லீற்றர் இருட்டுக்குள் கோடானுகோடி உயிர்களுக்குக் கட்டளையாகப் போய்ச் சேருகிறது. மாதங்கள் கழிந்து யாரோ ஒருவருடைய தட்டில் அது கொழுப்பாகத் திரும்பி வருகிறது. அந்த முடிவை எடுப்பவரின் கைக்குத் தெளிவான அறிவைக் கொண்டு சேர்ப்பதே ஊவாவில் ஆடு வளர்ப்பு மேம்பாட்டின் முதல் வேலை. கிடாயின் சாதியை அதற்கு அடுத்துப் பேசலாம்.